இமாச்சலப் பிரதேசம்: மலை யார் கையில்?

பொருநை எழுதியது:

ஆப்பிள் விலை ஏறினால் ஒரு விவாத இழை, மணாலியில் வெள்ளம் வந்தால் இன்னொரு இழை என்று இமாச்சலத்தைத் துண்டு துண்டாகத்தான் இந்த இணைய மன்றத்தில் பேசி வந்திருக்கிறோம். நிலம், விவசாயம், மின்சாரம், சாமி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற ஊர் அது. மொத்தமாகப் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

பரப்பு 55,673 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி 68.6 லட்சம் மக்கள், அதில் பத்துக்கு ஒன்பது பேர் கிராமத்தில். பஞ்சாப் சமவெளி முடியும் இடத்தில் சிவாலிக் குன்றுகள். அதற்கு மேல் தவுலதார், அப்புறம் பீர் பஞ்சால், அதையும் தாண்டினால் திபெத்தை ஒட்டிய லாஹௌல்-ஸ்பிதியும் கின்னௌரும். தவுலதார் தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேராக வாங்குகிறது. அதனால் அதன் மடியில் இருக்கும் தர்மசாலாவில் மழை கொட்டித் தீர்க்கும். அந்த மேகங்களில் பெரும்பாலானவை பீர் பஞ்சாலைத் தாண்டுவதே இல்லை. ஸ்பிதி குளிர் பாலைவனமாகக் கிடப்பது அதனால்தான். பியாஸ், ராவி, செனாப் மூன்றும் பிறப்பது இங்கே. சட்லஜ் திபெத்திலிருந்து வந்து மாநிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. யமுனை கிழக்கு ஓரத்தைத் தொட்டுப் போகிறது.

1948 ஏப்ரல் 15 அன்று முப்பது சின்னச் சின்ன சமஸ்தானங்களைச் சேர்த்து, தலைமை ஆணையரின் கீழ் ஒரு மாகாணமாக உருவாக்கினார்கள். 1954ல் பிலாஸ்பூர் சேர்ந்தது. 1966ல் பஞ்சாபைப் பிரித்தபோது காங்ரா, குல்லு, சிம்லா, லாஹௌல்-ஸ்பிதி வந்து சேர்ந்தன. 1971 ஜனவரி 25ல் முழு மாநிலம். முதல் முதலமைச்சர் ஒய்.எஸ். பர்மார். அவர் காலத்தில் 1972ல் வந்த குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவுதான் என் பேச்சின் மையம். இமாச்சலத்தில் விவசாயியாக இல்லாத யாரும் அரசின் அனுமதி இல்லாமல் அங்கே நிலம் வாங்க முடியாது. வெளி மாநிலத்தவர் மட்டுமல்ல, சிம்லாவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கும் இதே கதிதான்.

என் கருத்து இது. சராசரியாக ஒரு ஹெக்டேர் வைத்திருக்கும் மலை விவசாயி சொந்தக் காலில் நின்றதற்கு ஆப்பிளும் சாலையும் கல்வியும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அந்த நிலம் அவர் கையை விட்டுப் போகாமல் இருந்தது. இன்றைக்கு அந்த மலை சரிகிற இடங்களை வரிசையாகப் பாருங்கள். ஊர்க்காரர்களிடம் கேட்காமல் முடிவெடுத்த இடங்கள்தான் அதிகம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.


பழமண்டி எழுதியது:

கோயம்பேட்டில் எங்கள் குடும்பத்துக்குப் பழக் கமிஷன் கடை. ஆப்பிள் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இமாச்சல் ஆப்பிள் எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. உயரம்தான் அதன் நாட்காட்டி. ஜூலையில் கீழ்மலைப் பழம், ஆகஸ்டில் கோட்கட், நார்கண்டா, ரோஹ்ரூ பக்கம், செப்டம்பர் கடைசியிலிருந்து கின்னௌர். கின்னௌர் பழத்துக்கு எப்போதும் தனி விலை. ராத்திரிக் குளிரும் பகல் வெயிலும் சேர்ந்து நிறம் ஏறும், சதை கெட்டியாக இருக்கும், எங்கள் ஊர் வரை வந்தும் தாங்கும்.

ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் உறக்கம் வேண்டும். டெலிஷியஸ் வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் குளிர் கிடைத்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். பூக்கும் நேரத்தில் மழையோ ஆலங்கட்டியோ வந்தால் அந்த வருடம் போச்சு. தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துத் தோப்பில் வைக்கிறார்கள். மேலே வலை கட்டுகிறார்கள்.

பறிப்பதும் முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவருவதும் பெரும்பாலும் நேபாளத் தொழிலாளர்கள். தரம் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். பழத்தைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவுடனே அது லார்ஜா, மீடியமா, ஸ்மாலா, ‘பிட்டு’வா என்று பழகினவர் பிரித்து எறிவார். அட்டைப்பெட்டிக்குள் அடுக்கடுக்காக ட்ரே. முன்பெல்லாம் டெலஸ்கோப்பிக் பெட்டி, அதில் திணித்துத் திணித்து 25, 30 கிலோ வரை ஏற்றுவார்கள். விலையோ பெட்டிக்குத்தான். அதிகமாகப் போன எடைக்கு விவசாயிக்குக் காசு கிடையாது. 2024லிருந்து 20 கிலோ கொள்கிற யுனிவர்சல் பெட்டி கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். வியாபாரியாக இருந்தும் சொல்கிறேன், அது நியாயமான முடிவு.


வியாசநதி எழுதியது:

அருமை அண்ணா. நான் இமாச்சலின் மண்டி மாவட்டத்தில் படிக்கிறேன், பியாஸ் பள்ளத்தாக்கில்தான் வாசம். ஒரு சேர்க்கை.

ஆப்பிளை முதலில் கொண்டுவந்தவர் ஸ்டோக்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். குல்லுவில் பந்த்ரோலில் 1870லேயே கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் தோப்பு வைத்துவிட்டார். ஆனால் அவை இங்கிலாந்துப் புளிப்பு ரகங்கள், நம் மக்கள் வாய்க்குப் பிடிக்கவில்லை. சாமுவேல் ஸ்டோக்ஸ் செய்தது வேறு. பிலடெல்பியாவில் வசதியான வீட்டுப் பிள்ளை. 1904ல் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்ய வந்தவர், கோட்கட்டில் தங்கி அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். 1916 வாக்கில் அமெரிக்காவிலிருந்து இனிப்பான ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கும் கன்று கொடுத்தார். மலைவாசிகளைச் சம்பளம் இல்லாமல் சுமை தூக்க வைத்த பேகார் முறைக்கு எதிராகப் போராடினார். 1921ல் ஒத்துழையாமை இயக்கத்தில் சிறை போனார். 1932ல் இந்து மதத்துக்கு மாறி சத்யானந்த் ஆனார்.

மலைக்காரனின் முதுகு இன்னொருவனின் வண்டியாக இருக்கக் கூடாது என்று போராடியவரும், அந்த மலைக்குப் பணப்பயிர் கொடுத்தவரும் ஒரே ஆள். ஆப்பிளின் கதையில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதினேன்.


செங்காந்தள் எழுதியது:

பொருநை, 118ஆம் பிரிவைப் பற்றி ஒரு தெளிவு. நிலமில்லாத தொழிலாளர்கள், நிலமில்லாத பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிராமக் கைவினைஞர்கள் ஆகியோருக்கு அதில் விலக்கு உண்டு. சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது, சரி. வாங்கக் காசு? மாநில மக்கள்தொகையில் 25 சதவீதம் பட்டியல் சாதியினர், நாட்டிலேயே அதிக விகிதம் உள்ள மாநிலங்களில் ஒன்று. நல்ல ஆப்பிள் சரிவுகள் பெரும்பாலும் ராஜபுத்திர, பிராமணக் குடும்பங்களிடம். “நிலம் உழுதவன் கையில் நின்றது” என்று சொல்லும்போது எந்த உழுதவன் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்று, மாநிலத்தின் கஜானா. கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டி நிற்கிறது. அரசு வேலைதான் நடுத்தர வர்க்கத்தின் நங்கூரம். சம்பளம், ஓய்வூதியம், வட்டி போக மிச்சம் சொற்பம். பதினைந்தாவது நிதிக்குழு கொடுத்த வருவாய்ப் பற்றாக்குறை மானியம் 2021-22ல் 10,000 கோடிக்கு மேல். 2025-26ல் அது 3,300 கோடிக்கும் கீழே. 2003ல் கொடுத்த வரிச் சலுகையால் பத்தி (Baddi) என்ற ஊருக்கு மருந்துத் தொழிற்சாலைகள் வந்தன, நாடு முழுக்க அங்கிருந்து மாத்திரை போகிறது. ஆனால் அது பஞ்சாப், ஹரியானா சமவெளியை ஒட்டிய ஒரு மூலை. உள்மலைக்கு அதனால் பெரிய பலன் இல்லை. இந்த நிலையில் மின்சாரமும் சுற்றுலாவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்துவது?


சுரங்கத்தார் எழுதியது:

செங்காந்தள் அம்மா கேட்டது சரியான கேள்வி. சட்லஜ் கரையில் நீர்மின் திட்டங்களில் சுரங்கப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை.

மாநிலத்தின் நீர்மின் வளம் 27,000 மெகாவாட்டுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதுவரை எடுத்தது 11,000ஐச் சுற்றி. நாத்பா ஜாக்ரி 1,500 மெகாவாட், கர்ச்சம் வாங்டூ 1,000 என்று கட்டியது, இவை இரண்டும் சட்லஜில். பெரிய திட்டங்களில் பொதுவாக 12 சதவீத மின்சாரம் மாநிலத்துக்கு இலவசம். அதற்கு மேல் 1 சதவீதம் உள்ளூர் மேம்பாட்டு நிதிக்கு. 2023ல் தண்ணீர் மீது தீர்வை போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பக்ரா, பியாஸ் அணைகளில் 7.19 சதவீதப் பங்கு இமாச்சலுக்கு உண்டு என்று 2011ல் உச்ச நீதிமன்றமே சொல்லியும், அண்டை மாநிலங்கள் பழைய பாக்கியைத் தரவில்லை என்பது அங்கே தீராத மனக்குறை. அது நியாயமான குறை. பக்ராவுக்காகப் பழைய பிலாஸ்பூர் நகரமே மூழ்கியது. கோடையில் கோவிந்த் சாகர் வற்றும்போது பழைய கோயில்களின் கோபுரங்கள் சேற்றிலிருந்து வெளியே தெரியும். போங் அணையில் நிலம் இழந்தவர்களை ராஜஸ்தானுக்குப் போகச் சொன்னார்கள். குளிர்ந்த மலைக்காரர்களைத் தார்ப் பாலைவனத்துக்கு.

இப்போதைய திட்டங்கள் அப்படி இல்லை. பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. ஆற்றை ஒரு தடுப்பணையில் மடக்கி, மலைக்குள் சுரங்கம் வழியாக விட்டு, கீழே விசையாழியில் விழவைத்து, மறுபடியும் ஆற்றிலேயே விடுவது. நாத்பாவிலிருந்து ஜாக்ரி வரை சுரங்கம் 27.4 கிலோமீட்டர். தோண்டும்போது ஒரு இடத்தில் பாறையிலிருந்து கொதிநீர் பீறிட்டது. உள்ளே சூடு தாங்காமல் ஐஸ் கட்டி வைத்து வேலை பார்த்தார்கள். 2000 ஆகஸ்ட் வெள்ளம் கட்டுமானத்தில் இருந்ததையே மூழ்கடித்தது. 2005 ஜூனில் திபெத்தில் பாரேசூ ஏரி உடைந்து இன்னொரு வெள்ளம்.

மழைக்காலத்தில் சட்லஜ் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தால் சிமெண்ட் கரைசல் மாதிரி இருக்கும். அதில் வரும் வண்டலில் குவார்ட்ஸ் மணல் நிறைய. விசையாழியின் எஃகு இதழ்களை ஒரே சீசனில் தின்றுவிடும். விளிம்பைத் தடவினால் ரம்பப் பல் மாதிரி விரலில் படும். அதனால் வண்டல் அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் நிலையத்தையே நிறுத்திவிடுவோம். அந்த ஆறு எங்களுக்கும் எளிதாக வளைந்து கொடுத்ததில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு எடுக்கிற மின்சாரத்தை வெறும் அழிவு என்று எழுதும்போது எனக்கு வலிக்கிறது.


வியாசநதி எழுதியது:

ஐயா, உங்கள் உழைப்பின் மேல் மரியாதை குறையாமல் கேட்கிறேன். தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவில் ஆறு என்னாகிறது? குறைந்தது 15 சதவீதத் தண்ணீர் விட வேண்டும் என்பது விதி. ஒரு திட்டத்தின் வால் முடியும் இடத்தில் அடுத்ததின் தலை தொடங்குகிறது. குளிர்காலத்தில் கின்னௌரில் சட்லஜ் பல கிலோமீட்டருக்கு வெறும் கற்படுக்கையாகத் தெரியும்.

சுரங்கத்துக்கு மேலே இருக்கும் ஊர்களில் ஊற்றுகள் வற்றிவிட்டன, வெடி வைத்து வீட்டுச் சுவர் விரிந்துவிட்டது என்று சொல்லாத ஆளே இல்லை. இதற்கு நிறுவனங்கள் சொல்லும் ஒரே பதில், “நிரூபியுங்கள்.” ஊர்க்காரர் எப்படி நிரூபிப்பார்? 2021 ஜூலையில் பட்சேரியில் பாறை உருண்டு 9 பேர் போனார்கள். ஆகஸ்ட் 11ல் நிகுல்சாரியில் மலை சரிந்து அரசுப் பேருந்து உட்பட வண்டிகளைப் புதைத்தது, 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கின்னௌர் இளைஞர்கள் “வேண்டாம் என்றால் வேண்டாம்” என்று இயக்கமாகக் கிளம்பினார்கள். ஜங்கி தோபான் நீர்மின் திட்டம் வந்துவிடக் கூடாது என்பது அவர்களுடைய முதல் கோரிக்கை.


தறிநெசவு எழுதியது:

நீங்கள் எல்லோரும் மெகாவாட்டிலும் கோடியிலும் நிற்கிறீர்கள். நான் கைத்தறி ஆராய்ச்சிக்காக அந்தப் பக்கம் பல தடவை போனவள். அங்கே தெய்வத்தைக் கேட்காமல் ஒரு சாலைகூடப் போட முடியாத பள்ளத்தாக்குகள் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை ஆகாது.

குல்லுவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவதா. உலோக முகங்கள் பதித்த பல்லக்கில் எழுந்தருளுவார். கோயில் கணக்கைப் பார்ப்பவர் கார்தார். சாமி வந்து வாக்குச் சொல்பவர் கூர். பல்லக்கைத் தோளில் தூக்கியவர்கள் நிற்கும்போது அது ஒரு பக்கமாகச் சாயும், முன்னால் இழுக்கும், பின்வாங்கும். அதுதான் தேவதாவின் பதில். ஊரெல்லாம் தசரா முடியும் விஜயதசமி அன்றுதான் குல்லு தசரா தொடங்கும். பதினேழாம் நூற்றாண்டில் ராஜா ஜகத் சிங் அயோத்தியிலிருந்து வரவழைத்த ரகுநாதர் சிலைக்கு மரியாதை செய்ய இருநூறுக்கும் மேற்பட்ட தேவதாக்கள் மலை இறங்கி தால்பூர் மைதானத்துக்கு வருகிறார்கள். மணாலியின் ஹடிம்பா வந்து சேராமல் தேர் நகராது.

இது வெறும் திருவிழா இல்லை. 2006ல் மணாலிக்கு மேலே வெளிநாட்டு முதலீட்டில் பெரிய பனிச்சறுக்கு நகரம் கட்டத் திட்டம் வந்தது. நக்கர் கோட்டையில் இருக்கும் ஜக்தி பட் கல்மேடையில் தேவதாக்களைக் கூட்டிக் கேட்டார்கள். கூர்கள் மூலமாக வந்த வாக்கு, கூடாது என்பது. திட்டம் இன்று வரை எழவில்லை. அதற்கு வழக்குகள் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ஊர் தன் எதிர்ப்பைச் சொல்ல அவர்களிடம் ஏற்கனவே ஒரு மன்றம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்த நக்கர் கோட்டை காட்-குணி முறையில் கட்டியது. ஒரு வரிசை தேவதாரு உத்தரம், அதற்கு மேல் ஒரு வரிசை கல், மறுபடி உத்தரம். சுவரின் உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் தனித்தனி உத்தரம், இடையில் கல் நிரப்பி, குறுக்கே மரக்கட்டையால் பூட்டுவார்கள். மூலையில் உத்தரங்கள் ஒன்றன் மேல் ஒன்று மாறி மாறி ஏறும். சாந்து கிடையாது, ஆணியும் அநேகமாகக் கிடையாது. கீழ்த்தளத்தில் மாடு, நடுவில் தானியம், மேலே மனிதர்கள், சுற்றிலும் தொங்கும் தாழ்வாரம், கூரைக்குப் பலகைக்கல். நிலம் ஆடினால் சுவர் மொத்தமாக அசைந்து மறுபடி அமர்ந்துகொள்ளும். 1905 ஏப்ரல் 4ல் காங்ரா பூகம்பத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். காங்ராவின் கோட்டையும் கோயிலும் நொறுங்கின, தேயிலைத் தோட்டங்கள் அழிந்தன. நக்கர் கோட்டை நின்றது.

இப்போது ஏன் அப்படிக் கட்டுவதில்லை என்றால் மரம் கிடைப்பதில்லை. வீடு கட்ட ஊர்க்காரருக்குக் காட்டு மரம் பெறும் டி.டி. உரிமை இருந்தது, அது குறுகிப்போய்விட்டது. ஒரு காட்-குணி வீட்டுக்கு வேண்டிய தேவதாருவை இன்று விலை கொடுத்து வாங்க யாராலும் முடியாது. சிமெண்ட் மூட்டையோ லாரியில் வாசலுக்கே வருகிறது. சரிவில் ஒல்லியான தூண்களை ஊன்றி ஐந்து மாடி.


செங்காந்தள் எழுதியது:

தறிநெசவு அக்கா, தேவதா மன்றத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் அந்தப் பல்லக்குக்கு முன்னால் நரசிங்கா என்ற கொம்பு ஊதி, டோல் என்ற மேளம் அடித்துப் போகும் பஜந்த்ரிகள் யார்? பெரும்பாலும் பட்டியல் சாதியினர். அவர்கள் இசை இல்லாமல் தேவதா ஒரு அடி வைக்க மாட்டார். பல ஊர்களில் அவர்கள் கோயிலுக்குள் போக முடியாது. ஊர் பேசுகிறது என்று நாம் சொல்லும் இடத்தில் ஊரின் கால்வாசிப் பேர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.


தறிநெசவு எழுதியது:

உண்மை. அதை மறுக்க மாட்டேன். அதனால்தான் தேவதா மன்றத்தைவிட கிராம சபைக்குச் சட்ட பலம் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே எல்லோரும் உட்காரலாம், பெண்களும் உட்காரலாம்.

பேச்சோடு பேச்சாக, நெசவைப் பற்றி இரண்டு வரி. குல்லு சால்வையின் கரைக் கோலங்கள் ராம்பூர் புஷஹர், கின்னௌர் பக்கத்து நெசவாளர்கள் கொண்டுவந்தவை. குல்லுவில் முன்பு வெறும் கம்பளித் துணிதான். புட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1944லிருந்து நடக்கிறது. கரையில் ஒவ்வொரு நிற நூலையும் விரலால் நுழைத்து, பாவு இழைகளை எண்ணி எண்ணித் திருப்ப வேண்டும். அகலமான கரை என்றால் ஒரு சால்வைக்கே வாரக்கணக்கில் ஆகும். புவிசார் குறியீடு இருக்கிறது. இருந்தாலும் மணாலி மால் ரோட்டில் விற்பதில் பெரும்பங்கு பஞ்சாப் விசைத்தறித் துணி. வாங்குபவர்கள் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள், அது ஒரு வீட்டின் அடுப்பு.

கம்பளி தரும் கத்தி (Gaddi) என்ற சமூகத்து இடையர்கள் இன்னும் ஆடுகளோடு நடக்கிறார்கள். குளிர்காலத்தில் காங்ராவின் கீழ்க்குன்றுகள், கோடையில் தவுலதார் கணவாய்கள் வழியாக சம்பா, லாஹௌல். ஆனால் பிள்ளைகள் யாரும் ஆட்டுக்குப் பின்னால் போக விரும்பவில்லை.


பழமண்டி எழுதியது:

2023 ஜூலை, ஆகஸ்டை நான் மறக்க மாட்டேன். பியாஸ் பொங்கி குல்லு, மணாலி ரோட்டைத் தின்றது. ஆகஸ்ட் 14ல் சிம்லா சம்மர் ஹில்லில் சிவன் கோயில் மேல் மலை சரிந்து பூஜைக்குப் போனவர்கள் 20 பேர் இறந்தார்கள். அந்தப் பருவத்தில் மாநிலம் முழுக்க 400 பேருக்கு மேல் போனார்கள். ரோடு இல்லாததால் பறித்த பழம் தோப்பிலேயே அழுகியது. லாரி வராமல் ஓடையில் பழத்தைக் கொட்டும் வீடியோக்கள் வந்தன. எங்களுக்குச் சரக்கு இல்லை என்பது ஒரு நஷ்டம். அவர்களுக்கு ஒரு வருடத்து வாழ்க்கை.

ஆப்பிள் மேலே ஏறிக்கொண்டும் இருக்கிறது. குல்லுவின் கீழ்ப்பகுதியில் குளிர் போதாமல் மாதுளை, ப்ளம், காய்கறிக்கு மாறிவிட்டார்கள். ஒரு காலத்தில் விதை உருளைக்கிழங்கும் பட்டாணியும் முக்கியமாக விளைந்த லாஹௌலில் இப்போது ஆப்பிள். 2020 அக்டோபர் 3ல் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அங்கிருந்து சரக்கு நேராக இறங்குகிறது. முன்பு ரோஹ்தாங்கில் பனி விழுந்தால் ஆறு மாதம் ஊர் துண்டிக்கப்பட்டுவிடும். அதனால் எல்லாச் சுரங்கமும் கெட்டது என்று யாரும் சொல்லாதீர்கள். பிரசவத்துக்கு ஹெலிகாப்டருக்குக் காத்திருந்த ஊர் அது.


வியாசநதி எழுதியது:

சாலை வேண்டாம் என்று மலையில் வாழும் எவரும் சொல்ல மாட்டார்கள் அண்ணா. எப்படி வெட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. பழைய மலைச்சாலை சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகும். நான்குவழிச் சாலைக்கு அகலம் வேண்டும் என்று மலையின் பாதத்தைச் செங்குத்தாகச் சீவுகிறார்கள். மலை இளம் மலை, பாறை நொறுங்கிய பாறை. கீழே தாங்கியது போனதும் மேலே இருப்பது மழையில் ஊறி இறங்குகிறது. வெட்டிய மண்ணை ஆற்றங்கரையில் கொட்டுகிறார்கள், வெள்ளம் அதையும் வாரிக்கொண்டு கீழே இருக்கும் ஊர் மேல் போடுகிறது. 2023ல் பியாஸ் எடுத்துக்கொண்டதில் நிறைய இடம் ஆற்றின் பழைய படுக்கை, அதில் ஹோட்டல் கட்டியிருந்தார்கள். அப்புறம் 2025 ஜூன் கடைசியில் எங்கள் மண்டி மாவட்டத்திலேயே செராஜ் பகுதி, துனாக் பக்கம் வெள்ளம். கடைத்தெருவே போய்விட்டது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு, இப்படியே போனால் இந்த மாநிலமே ஒருநாள் வரைபடத்திலிருந்து காணாமல் போய்விடும் என்ற பொருளில் எழுதியது. வருவாய் ஈட்டுவது மட்டுமே எல்லாம் இல்லை என்றும் சொன்னார்கள்.


பொருநை எழுதியது:

நல்ல விவாதம், எல்லோருக்கும் நன்றி. இதுவரை யாரும் தொடாத ஒரு புள்ளி. மாநிலப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு பதிவேட்டில் காடு. மரம் இருக்கிறதோ இல்லையோ, பனிப்பாறையும் புல்வெளியும் உட்பட, வனத்துறை நிலம். வெள்ளத்தில் வீட்டோடு நிலத்தையும் இழந்தவருக்கு மாற்று நிலம் கொடுக்க மாநிலத்தின் கையில் இடமே இல்லை. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும். அதே காட்டு நிலம் மின் திட்டத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் மாற்றித் தரப்படுகிறது. வீடிழந்த ஒரு குடும்பத்துக்கு மூன்று சென்ட் கிடைக்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது. மலை யார் கையில் என்று நான் தலைப்பில் கேட்டது இதைத்தான்.

காட்டைக் காப்பதற்காகப் பசுமை போனஸ் வேண்டும் என்று மாநிலம் பல ஆண்டாகக் கேட்கிறது. சமவெளியின் வயல்கள் இந்த மலைகளின் தண்ணீரில்தான் விளைகின்றன. செங்காந்தள் கேட்ட பள்ளிக்கூடச் செலவுக்கு என் பதில் அதுதான். மின்சாரம் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலைக்கு ஒரு மலை மாநிலத்தைத் தள்ளக் கூடாது.


செங்காந்தள் எழுதியது:

ஏற்கிறேன், ஆனால் போனஸ் வரும்வரை? அதற்கிடையில் கையில் இருக்கிற கருவி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். கின்னௌரில் லிப்பா ஊர்க்காரர்கள் அதை வைத்துத்தான் காஷங் நீர்மின் திட்டத்தை எதிர்த்தார்கள். சில்கோசா பைன் காடு போய்விடும் என்பது அவர்கள் கவலை. அந்த மரத்தின் கொட்டைதான் அங்கே பல குடும்பங்களுக்கு ரொக்க வருமானம். 2016 மேயில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திட்டத்தை கிராம சபை முன் வையுங்கள் என்று உத்தரவிட்டது. தறிநெசவு அக்கா கேட்ட மன்றம் அதுதான். ஆனால் இமாச்சலில் வன உரிமைப் பட்டா கொடுப்பது ஆமை வேகம். எல்லாக் கட்சி ஆட்சியிலும்.


சுரங்கத்தார் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். நீர்மின் திட்டமே கூடாது என்பதை நான் இப்போதும் ஏற்கவில்லை. நிலக்கரியை எரிப்பதால் உருகுவதும் இந்த இமயத்துப் பனிதான்.

ஆனால் தம்பி வியாசநதி சொன்ன ஊற்று விஷயத்துக்கு என்னிடம் வழி இருக்கிறது, ஏனென்றால் அது எங்கே கோட்டை விடப்படுகிறது என்று எனக்குத் தெரியும். திட்டம் தொடங்கும் முன் பாறையைத் துளைபோட்டுப் பார்க்கிறோம், ஆற்றின் வேகத்தை ஆண்டுக்கணக்கில் அளக்கிறோம். ஊரின் ஊற்றை மட்டும் சரியாக அளப்பதில்லை. பிறகு அது வற்றினால், முன்பு எவ்வளவு வந்தது என்பதற்கு எந்தத் தரப்பிடமும் காகிதம் இல்லை. நிரூபி என்று சொல்வது அங்கே சுலபமாகிவிடுகிறது.

சுரங்கப் பாதைக்கு இருபுறமும் இருக்கும் ஒவ்வொரு ஊற்றையும், வெடி வைப்பதற்கு முன் முழுதாக இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம் அளக்க வேண்டும். ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி என்று ஊர்ப் பிள்ளைகளே அளக்கலாம். கிராம சபையில் வைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுச் சுவர் விரிசல்களுக்கும் அப்படியே, தேதியோடு படம் எடுத்து. தண்ணீர் குறைந்தால் காரணம் சுரங்கம் இல்லை என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். இதை அனுமதிக்கான நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். செலவு, திட்டச் செலவில் கணக்கிலேயே வராத அளவு.


வியாசநதி எழுதியது:

ஐயா, இதை அளவுத் தாளின் மாதிரியோடு தனியாக எழுதிக் கொடுங்கள். நான் இந்தியில் மாற்றி இங்கே பஞ்சாயத்து ஆட்களிடம் கொடுக்கிறேன். எங்கள் பக்கத்திலும் ஒரு சாலைச் சுரங்க வேலை நடக்கிறது, மேலே மூன்று ஊர் இருக்கிறது.


சுரங்கத்தார் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன் தம்பி. ஊற்று எந்தத் திசைச் சரிவில் இருக்கிறது, என்ன உயரம், எத்தனை வீடு அதை நம்பியிருக்கிறது என்ற மூன்றையும் முதலில் விசாரித்து வையுங்கள்.